பச்சையாக இருப்பதெல்லாம் பச்சைப் பாசி அல்ல!

திருப்பூரில் ஷேடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கடலோரப் பாறையில் ஒரு பரீட்சை

திருப்பூர் - பல்லடம் ரோட்டில் வீரபாண்டி பிரிவில் இறங்கி எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் பனியன் வாசம்தான். ஒரு பக்கம் நிட்டிங் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் கட்டிங், செக்கிங், பேக்கிங். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து இறங்கியதும் நடக்கும் முதல் காரியம், ஷேடு பார்ப்பது. பையர் ஓகே செய்த சாம்பிளையும் வந்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லைட் பாக்ஸுக்குள் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். டியூப்லைட்டில் அச்சு அசலாக ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சைகள், பகல் வெளிச்சத்தில் 'நான் வேற, நீ வேற' என்று பிரிந்து நிற்கும். அதைக் கோட்டைவிட்டால் மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும்.

இப்படி நிறத்திலேயே பிழைப்பு நடத்தும் ஊரிலிருந்து, பள்ளி லீவு விட்டதும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போவது திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும்தான். எட்டிப் பார்க்கிற தூரத்தில் கடல் இல்லாத ஊர் அல்லவா! அங்கே போய் அலையில் கால் நனைத்து, சங்கு வாங்கி, செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறோம். கடல் வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் சின்னச் சின்னக் குட்டைகளைக் குழந்தைகள் எட்டிப் பார்த்தால், "பாசி வழுக்கும், வா இந்தப் பக்கம்!" என்று இழுத்துக்கொள்கிறோம்.

ஆனால், அந்தக் குட்டைக்குள் ஒரு தோட்டமே இருக்கிறது. அதில் இருக்கும் பச்சைகளைப் பிரித்துப் பார்க்க, ஷேடு செக்கிங்கில் இருப்பவரும்கூடக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதல் பாடம்: நிறம் ஏமாற்றும்

கடல்பாசிகளை விஞ்ஞானிகள் மூன்று பெரிய குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். பச்சை, பழுப்பு, சிவப்பு. இந்தியக் கடற்கரைகளில் 844 வகைக் கடல்பாசிகள் இருப்பதாக 2001இல் வெளியான பட்டியல் ஒன்று சொல்கிறது. அதில் பச்சை 216, பழுப்பு 191, சிவப்பு 434.

பெயரைக் கேட்டால் சுலபமாகத் தோன்றும். சிக்கல் என்னவென்றால், வெயில் நேராக அடிக்கும் ஆழமில்லாத இடங்களில் வளரும் சிவப்புப் பாசிகள் பல, வெளிறி மஞ்சள் பச்சையாகவே தெரியும். நம் கடலில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்ற பாசி, குடும்பத்தால் சிவப்பு. ஆனால், அதில் பச்சைப் பசேலென்று இருக்கும் ரகமும் உண்டு. பழுப்புப் பாசியோ வெந்நீரில் போட்டதும் கண்ணெதிரே பச்சையாகிவிடும். அதன் பழுப்பு நிறமி சூட்டில் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த பச்சையம் வெளியே தெரிவதுதான் காரணம்.

அப்படியானால் உண்மையான பச்சைப் பாசியை எப்படிக் கண்டுபிடிப்பது? அது மரம் செடிகளின் தூரத்துச் சொந்தம். இலையில் இருக்கும் அதே இரண்டு வகைப் பச்சையம்தான் இதிலும் இருக்கிறது. இலையைப் போலவே உணவை ஸ்டார்ச்சாகச் சேமிக்கிறது. பள்ளிக்கூட லேபில் இலையை வெளிறவைத்து அயோடின் சொட்டு விட்டதும் கருநீலமாக மாறுமே, அந்தச் சோதனை பச்சைப் பாசிக்கும் பொருந்தும். சிவப்புப் பாசியில் இருக்கும் ஸ்டார்ச் வேறு மாதிரி. அது கருநீலமாகாமல் செம்பழுப்பு அல்லது ஊதாப் பக்கம் போகும். பழுப்புப் பாசியில் ஸ்டார்ச்சே கிடையாது.

பாறை மேல் நிற்கும்போது அயோடினுக்கு எங்கே போவது? அங்கே உதவுவது நிறம் அல்ல, அமைப்பு. பனியன் ஊர்க்காரர்களுக்கு அது கைவந்த கலை!

டியூபுலரா, ஓப்பன் விட்த்தா?

பாறைக் குட்டையில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் உல்வாதான். திருநெல்வேலி அல்வா இல்லை, உல்வா! மெல்லிய பச்சைத் தாள் போல, ஓரம் சுருங்கி, தண்ணீரில் அலைந்துகொண்டிருக்கும். வெளிநாட்டில் இதைக் கடல் கீரை என்ற அர்த்தத்தில் அழைப்பார்கள். சில வகைகள் நீளமான ரிப்பன் பட்டைகளாகக் கிழிந்து தொங்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியும். காரணம், அதன் கனமே இரண்டே இரண்டு செல் அடுக்குதான்.

அதன் பக்கத்திலேயே, முடியாட்டம் மெல்லிய பச்சைக் குழாய்கள் கொத்தாகக் கிடக்கும். ஒன்றை எடுத்து இரு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழி நகரும். அது வெறும் நூல் இல்லை, குழாய். அதன் சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு.

வட்ட நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கும் துணி டியூபாகத்தான் வரும். அதை அப்படியே வைத்தால் டியூபுலர், கீறி விரித்தால் ஓப்பன் விட்த். உல்வாவில் கீறும் வேலை கிடையாது. டியூபை அப்படியே தட்டையாக அழுத்தி, இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட்டது போலத்தான் அந்தத் தாள். அதனால்தான் இரண்டு அடுக்கு.

இந்த இரண்டையும் விஞ்ஞானிகள் வெகுகாலம் வேறு வேறு சாதியாகவே வைத்திருந்தார்கள். தாளுக்கு உல்வா, குழாய்க்கு என்டரோமார்ஃபா என்று பெயர். 2003இல் மரபணுவைப் பரிசோதித்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே இனம் என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், 1753இலேயே ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் உல்வா என்ற ஒரே பெயரில்தான் எழுதிவைத்திருந்தார். நடுவில் பிரித்தவர்கள்தான் தப்பு!

நூலும் கிளையும்

அலை வந்து முகத்தில் அறையும் பாறை முனையைப் பாருங்கள். அங்கே பிரஷ் போல விறைப்பாக, கரும்பச்சைக் கொத்துகள் நிற்கும். இது கீட்டோமார்ஃபா. ஒவ்வொன்றும் கிளையே இல்லாத ஒற்றை நூல். செல்லுக்கு மேல் செல்லாக அடுக்கியது. சில வகைகளில் அந்தச் செல்கள் பாசிமணி கோத்தது போல வெறுங்கண்ணுக்கே தெரியும். இவ்வளவு அலையைத் தாங்குவதற்கான விறைப்பு அதற்கு இருக்கிறது.

அதே போல நூலாக இருந்து, ஆனால் கிளை கிளையாகப் பிரிந்தால் அது பெரும்பாலும் கிளாடோஃபோரா. பாறை நிழலில், குட்டை ஓரங்களில் பஞ்சு போலக் கிடக்கும். 'கிளை இருக்கிறதா, இல்லையா' என்ற ஒரே கேள்வியில் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஒரே செல்லில் ஒரு கொடி

அடுத்தவர் நிஜமாகவே அதிசயப் பிறவி. பெயர் காலெர்ப்பா. தரையில் பூசணிக்கொடி ஓடுவது போல மணலிலும் பாறையிலும் ஒரு தண்டு ஓடும். அதிலிருந்து கீழே வேர் மாதிரி இழைகள், மேலே இலை மாதிரி உறுப்புகள். ஒரு வகையில் சின்னத் திராட்சைக் குலை போல உருண்டைகள் இருக்கும். இன்னொரு வகையில் ரம்பப் பல் போல ஓரம் வெட்டியிருக்கும். மூன்றாவது வகை, பறவை இறகு போல இருக்கும்.

வேர், தண்டு, இலை என்று எல்லாம் இருப்பது போலத் தெரிந்தாலும் இந்தக் கொடி முழுக்க ஒரே ஒரு செல்தான். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஒரே பைக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன. துண்டு கிழிந்தால்கூடச் சாகாது. கிழிந்த வாயைத் தானே அடைத்துக்கொண்டு, அந்தத் துண்டே புதுக்கொடியாக வளரும்.

ஜப்பானின் ஒகினாவாவில் திராட்சைக் குலை வகையைச் சேர்ந்த ஒரு காலெர்ப்பாவைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் அதைப் பயிராக வளர்க்கிறார்கள். இறகு வகையின் கதையோ வேறு. மத்தியதரைக் கடலில் அது 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் தென்பட்டது. மீன்தொட்டி அழகுக்காக வளர்த்த ரகம் கடலுக்குள் போய்விட்டது. பிறகு கடலடியில் கம்பளம் விரித்த மாதிரி பரவி, 'கொலைகாரப் பாசி' என்று பெயர் வாங்கிக்கொண்டது.

வெல்வெட்டும் சுண்ணாம்பும்

கையால் தொட்டால் நனைந்த வெல்வெட் போல, அழுத்தினால் ஸ்பான்ஜ் போல இருக்கிறதா? விரல் விரலாகப் பிரிந்த கரும்பச்சைக் கொத்தா? அது கோடியம்.

சின்னச் சின்னக் காசுகளைக் கோத்த மாலை போல, தொட்டால் கரகரவென்று கெட்டியாக இருக்கிறதா? அது ஹாலிமீடா. தன் உடம்பில் சுண்ணாம்பைப் படியவைத்துக்கொள்ளும் பச்சைப் பாசி இது. செத்ததும் பச்சை போய், வெள்ளைச் சில்லுகளாக உதிரும். பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இந்தச் சில்லுகள்தான். சிப்பி உடைந்து வந்த மணல் என்று நினைத்து நாம் மிதித்துப் போவதில் பாசியும் இருக்கிறது.

மண்டபத்துப் பாடம்

இந்தப் பாசிகளையெல்லாம் நம் மண்ணில் முறையாகப் படிக்க ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886 - 1963). இந்தியப் பாசியியலின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். பாம்பன் அருகே இருக்கும் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927லேயே எழுதினார். ஈர மண்ணில் வளரும் ஒரு புதுப் பச்சைப் பாசியைக் கண்டுபிடித்து, லண்டன் பேராசிரியர் ஃபிரிட்ச்சைக் கௌரவிக்கும் வகையில் 'ஃபிரிட்ச்சியெல்லா' என்று 1932இல் பெயர் சூட்டினார். பாசிகள் தண்ணீரைவிட்டுத் தரைக்கு ஏறியது எப்படி என்று யோசித்தவர்களுக்கு அது பெரிய தடயமாக அமைந்தது.

ஆனால் படிப்பு, பட்டம் எதுவும் இல்லாமல், தொட்டுப் பார்த்தே பாசியின் பெயர் சொல்லிவிடும் நிபுணர்களும் அதே கரையில் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்ட மீனவக் கிராமங்களில் பாசி எடுக்கும் பெண்கள். கண்ணாடி மாட்டி, கைவிரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவார்கள். அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் அழகானவை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி.

இதில் மரிக்கொழுந்தும் கஞ்சியும் சிவப்புக் குடும்பம். நோன்பு மாதத்தில் வீட்டில் காய்ச்சும் கடல்பாசியின் மூலப்பொருளான அகர் இவற்றிலிருந்து கிடைக்கிறது. கட்டக்கோரையும் பக்கோடாவும் பழுப்புக் குடும்பம். இவை திருப்பூர்க்காரர்களுக்கு ரொம்ப நெருக்கமானவை. இந்தப் பழுப்புப் பாசிகளிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட்தான், காட்டன் துணியில் ரியாக்டிவ் பிரிண்டிங் போடும்போது சாயத்தைக் கெட்டியாக்கும் பசை. சாதாரண மாவுப் பசை போட்டால், துணியோடு சேர வேண்டிய சாயம் பசையோடு சேர்ந்துவிடும். ஆல்ஜினேட் சாயத்தோடு ஒட்டாது. டிசைனைக் கலையாமல் பிடித்து வைத்திருந்துவிட்டு, கழுவினால் போய்விடும்.

ஆக, எங்கோ ஒரு பெண் மூச்சடக்கி எடுத்த பாசி, வீரபாண்டியில் ஒரு குழந்தையின் சட்டையில் பூவாக மலர்ந்திருக்கலாம்!

பாசிக்குப் பாசி விலை வேறு, வாங்கும் ஆள் வேறு. அதனால் கலப்படமில்லாமல் பிரிக்கத் தெரிவது அவர்களுக்குச் சம்பாத்தியம். இன்னொரு பக்கம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கத் தடை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்குள் போகக் கூடாது என்றானதில் இந்தப் பெண்கள் நிறையப் பாடுபட்டிருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்ட சமூகம் இது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கிடைத்தது.

தப்பாகப் பார்த்தால் என்ன ஆகும்?

'பாசியின் பெயர் தெரிந்து நமக்கென்ன?' என்று கேட்கலாம். ஷேடு தப்பினால் லாட் திரும்பி வருவது போல, கடலிலும் தப்புக்கு விலை உண்டு.

முன்னே சொன்ன கப்பாஃபைகஸ் நம் கடலைச் சேர்ந்ததல்ல. ஐஸ்க்ரீம், சாஸ் போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனனுக்காகக் கொண்டுவந்து, மண்டபம் பகுதியில் வளர்க்க ஆரம்பித்தார்கள். பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆனால், குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் அது படர்ந்து மூடியிருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வெளிச்சம் கிடைக்காத பவளம் செத்துப்போகும். பச்சையாகத் தெரிகிறது என்பதற்காக 'ஏதோ உள்ளூர்ப் பாசி' என்று விட்டுவிட்டால், பரவுவது தெரியாமலே பரவிவிடும். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ.127 கோடியில் கடல்பாசிப் பூங்கா அமைக்க 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பாசி வளர்ப்பு பெருகப் பெருக, எது நம்முடையது, எது வந்தது என்று பார்க்கத் தெரிந்த கண்களும் பெருக வேண்டும்.

உல்வாவும் ஒரு செய்தி சொல்கிறது. ஓரளவு இருந்தால் அது மீனுக்கும் நத்தைக்கும் சாப்பாடு. ஒரே இடத்தில் வேறு எதையும் வளரவிடாமல் உல்வா மட்டும் மெத்தையாக மூடியிருந்தால், பக்கத்தில் எங்கோ சாக்கடையோ உரம் கலந்த தண்ணீரோ கடலில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜன் அதிகமான தண்ணீர் அதற்கு விருந்து.

விருந்து மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 2008 ஒலிம்பிக்ஸின்போது படகுப் போட்டி நடக்க வேண்டிய சீனாவின் சிங்டாவ் கடலை உல்வா மூடிவிட்டது. ராணுவத்தினரும் தன்னார்வலர்களும் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அள்ளினார்கள். 2009இல் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில், கரை ஒதுங்கி அழுகிய உல்வாவிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் ஒரு குதிரை செத்தது. அதன் மேல் வந்தவர் மயங்கி விழுந்தார். உயிரோடு இருக்கும் உல்வா விஷமில்லை. குவியலாக அழுகும்போதுதான் ஆபத்து.

தண்ணீரில் எதைக் கலந்தாலும் அது ஒருநாள் கடலுக்குப் போகும் என்பதைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யலுக்காக 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அந்த நொய்யல் காவிரியில் சேர்கிறது. காவிரி கடலில் சேர்கிறது.

அடுத்த முறை போகும்போது...

* அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். வற்றும் நேரத்தை அங்கே இருக்கும் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வற்ற ஆரம்பிக்கும்போது போய், ஏற ஆரம்பிக்கும் முன் திரும்பிவிடுங்கள்.

* உல்வா மூடிய பாறை எண்ணெய் தடவியது போல வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு முக்கியம். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். கன்னியாகுமரிப் பக்கம் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால் பாறைப் பக்கமே வேண்டாம். 2024 மே மாதம் அந்த மாவட்டக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அப்படி ஓர் அலையில்தான் உயிரிழந்தார்கள்.

* பிய்க்க வேண்டாம். கரை ஒதுங்கிக் கிடக்கும் துண்டே பார்ப்பதற்குப் போதும். தீவுகளிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம்.

* ஒரு வெள்ளைத் தட்டில் கடல் தண்ணீர் ஊற்றி, துண்டை மிதக்கவிட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு வெளியே சேறு போலத் தெரிந்தது, உள்ளே விரிந்து தன் உருவத்தைக் காட்டும். மொபைலில் முழுசாக ஒரு போட்டோ, பக்கத்தில் ஒன்று.

* கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். தாளா, குழாயா, நூலா? நூல் என்றால் கிளை உண்டா? கொடியாக ஓடுகிறதா? ஸ்பான்ஜா, சுண்ணாம்பா? நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

* பெயர் தெரியாத பாசியைச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். அழுக்கு நீர் சேரும் இடத்துப் பாசி, அந்த அழுக்கையும் சேர்த்தே வைத்திருக்கும்.

பத்து நிமிடம் போதும். குட்டையின் முன் அசையாமல் உட்கார்ந்தால், முதலில் உல்வா தெரியும். பிறகு அதன் அடியில் ஒளிந்திருக்கும் நண்டு தெரியும். கீட்டோமார்ஃபா நூலுக்கு இடையில் விரலளவு மீன் ஒன்று எட்டிப் பார்க்கும். "அப்பா, இது டியூபுலருங்களா, ஓப்பன் விட்த்துங்களா?" என்று குழந்தை கேட்கும். ஒரு வருஷம் முழுக்க மெஷினுக்கு முன்னால் நின்ற அப்பாவுக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியும்.